எண்பது பக்கமும் அரைக் குளிசையும்

சின்னம்மாவின் நெஞ்சில் ஒன்றுமில்லை. ஏழு தடவை நிரூபிக்கப்பட்ட உண்மை இது. ஏழு தடவை ஈசிஜி எடுத்தார்கள். ஏழு தடவை இரத்தம் எடுத்தார்கள். ஏழாவது தடவையும் விடியப்புறம் நாலு மணிக்கு ஓர் இளம் வைத்தியர் திரைச்சீலையை விலக்கி வந்து, "உங்கள் இதயம் அருமையாக இருக்கிறது" என்று வாழ்த்திவிட்டுப் போனார். ரொறன்ரோவின் ஸ்காபரோ முழுவதும் தேடினாலும் இத்தனை சான்றிதழ் பெற்ற இதயம் அகப்படாது. வயது அறுபத்தெட்டு என்பதை மறைத்துவிட்டால் கலியாணத் தரகரே மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொள்வார்.

"ஒண்டுமில்லை எண்டு சொல்லிப்போட்டினம் தம்பி" என்றார் காரில் ஏறும்போது. "அப்ப ஏன் எனக்குச் சாகப்போற மாதிரி வருது?"

அந்தக் கேள்விக்கு விடை இருக்கிறது. எனக்குக் கோபம் வருவதே அதனால்தான். மருந்தில்லாத வியாதி என்றால் திருநீற்றைப் பூசிக்கொண்டு படுத்துவிடலாம். இதற்குப் பெயர் இருக்கிறது. விளக்கம் இருக்கிறது. எந்தச் சிகிச்சையை முதலில் கொடுப்பது, எத்தனை கிழமை கொடுப்பது, எதைக் கூடுமானவரை தவிர்ப்பது என்று எண்பது பக்கத்துக்கு மேல் அச்சடித்த வழிகாட்டியும் இருக்கிறது. 2006இல் ஒன்று வந்தது. போதாதென்று 2014இல் இன்னொன்று. பதகளிப்பு, மனவடு, எண்ணச் சுழற்சி நோய்களுக்கான கனடியச் சிகிச்சை வழிகாட்டி. அதை எழுதியவர்களில் முதற்பெயர் மார்ட்டின் கட்ஸ்மன். எங்கேயோ சுவிட்சர்லாந்துக்காரர் என்று நினைக்க வேண்டாம். ரொறன்ரோ மனநல வைத்தியர். வழிகாட்டியின் தலைமாட்டிலேயே நாங்கள் குடியிருக்கிறோம்.

அதை நான் வாசித்தேன். அவசர சிகிச்சைப் பிரிவில் எட்டு மணித்தியாலம் காத்திருப்பவனுக்கு எண்பது பக்கம் ஒரு பொருட்டல்ல. வாசித்தவரையில் குறை சொல்ல முடியவில்லை. திடீரெனப் பீதி கிளம்பி நெஞ்சை இறுக்கும் நோய்க்கு அறிகை நடத்தைச் சிகிச்சை, வாய்க்கு வசதியாகச் சீபீரீ, முதல்நிலைச் சிகிச்சை. செர்ட்ரலின் போன்ற குளிசைகளும் முதல்நிலை. அட்டிவான் முதலான பென்சோடயசெப்பின் கூட்டம் இரண்டாம் நிலை, அதுவும் கொஞ்சக் காலத்துக்கு. குளிசை தொடங்கினால் முதல் ஆறு கிழமையும் இரண்டு கிழமைக்கு ஒருக்கால் நோயாளியைப் பார்க்க வேண்டும், பிறகு மாதாமாதம். சுகம் கண்டாலும் ஒன்றிரண்டு வருடம் தொடர வேண்டும். படிக்கப் படிக்க வாயூறியது, கலியாண வீட்டுச் சாப்பாட்டு விவரத்தைப் பட்டினியோடு கேட்பவன் மாதிரி.

சீபீரீ என்பது பெரிய மந்திரமல்ல. நெஞ்சு ஒருதரம் வேகமாக அடிக்கிறது. அதை மனம் "மரணம்" என்று வாசிக்கிறது. வாசித்த பயத்தில் நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கிறது. பார்த்தாயா, சொன்னேனே என்கிறது மனம். இந்த வட்டத்தை உடைக்க, நோயாளியை வேண்டுமென்றே படியேற வைப்பார்கள், கதிரையில் சுழற்றுவார்கள், குளிர்பானக் குழாயை வாயில் வைத்து அதனூடே மூச்சுவிடச் சொல்வார்கள். நெஞ்சு படபடக்கும், தலை சுற்றும், ஆள் சாக மாட்டார். பத்துப் பன்னிரண்டு கிழமை இதைச் செய்தால் மனம் தன் வாசிப்பைத் திருத்திக்கொள்ளும். தேவைப்படும் உபகரணங்கள்: ஒரு மாடிப்படி, ஒரு சுழல் கதிரை, ஒரு குழாய். மூன்றும் டொலராமாக் கடை விலையில் அடங்கும், மாடிப்படி நீங்கலாக. இவை அகப்படாத காரணத்தால் ஏழு தடவை ஈசிஜி எடுத்தோம்.

ஏன் அகப்படவில்லை? இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது.

1984இல் இந்த நாடு கனடா சுகாதாரச் சட்டம் என்றொன்றை இயற்றியது. எங்கள் பெருமை, அமெரிக்கனைப் பார்த்து நாங்கள் மூக்கை உயர்த்தக் காரணமான சட்டம். அதன்படி ஆஸ்பத்திரிக்கும் வைத்தியருக்கும் அரசு காசு. ஆஸ்பத்திரிக்கு வெளியே, தன் சொந்த அறையில் உட்கார்ந்து சீபீரீ செய்யும் உளவியலாளர் இந்த இரண்டிலும் சேர்த்தியில்லை. ஆகவே ஒன்ராறியோவின் சுகாதார அட்டையை அவர் முன்னால் நீட்டினால் நூலக அட்டையை நீட்டிய மாதிரித்தான் பார்ப்பார். வழிகாட்டி சொல்வது 2014ஆம் ஆண்டு விஞ்ஞானம். காசுப்பெட்டித் திறப்பு 1984இன் இடுப்பில் தொங்குகிறது. எது முதல்நிலைச் சிகிச்சை என்று தீர்மானிப்பது எது என்று நினைக்கிறீர்கள்?

உளவியலாளரின் ஒரு மணித்தியாலம் 200 டொலருக்கு மேல். ஒன்ராறியோவில் ஆகக் குறைந்த கூலி 2025 ஒக்ரோபரில் மணிக்கு 17.60 ஆனது. சின்னம்மாவின் மகள் இரவு வேலையில் பெட்டி அடுக்குகிறவள். அம்மா ஒரு மணித்தியாலம் கதைக்க, மகள் பதினொன்றரை மணித்தியாலம் அடுக்க வேண்டும், வரி பிடிக்க முன்னர். பன்னிரண்டு அமர்வுக்குக் கணக்கை நீங்களே போடுங்கள். எனக்கு நெஞ்சு படபடக்கிறது. வேலைத்தலக் காப்புறுதி இருக்கிறதே என்பார்கள். வருடத்துக்கு 500 டொலர் என்று எழுதிய திட்டங்கள் ஏராளம். இரண்டரை அமர்வு. மூன்றாவது அமர்வின் பாதியில், "மரணம் வராது என்று இப்போது விளங்குகிறதா அம்..." என்ற இடத்தில் எழும்பி வந்துவிட வேண்டும்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகும். உளச்சிகிச்சையாளர்களின் கட்டணத்தின் மேல் இந்த மாகாணத்தில் விழுந்துகொண்டிருந்த 13 சதவீத விற்பனை வரியை 2024 ஜூனில் நீக்கினார்கள். அதுவரை நாங்கள் வாங்க வசதியில்லாத பொருளை வரியோடு வாங்காமல் இருந்தோம். இப்போது வரியில்லாமல் வாங்காமல் இருக்கிறோம். அதற்கு முன் 2021 தேர்தலில் லிபரல் கட்சி, மாகாணங்களுக்கு மனநலத்துக்கென்றே தனி நிதி, ஐந்து வருடத்தில் 4.5 பில்லியன் டொலர் என்று மேடையில் முழங்கியது. வென்றது. அந்தப் பெயரில் நிதி பிறக்கவேயில்லை. 2023இல் மாகாணங்களோடு செய்த பொதுவான சுகாதார ஒப்பந்தங்களுக்குள் அதுவும் அடக்கம் என்றார்கள். குழந்தை எங்கே என்று கேட்டால், ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் எங்கள் பிள்ளைகள்தானே என்கிற பதில்.

சரி, மனநல வைத்தியரிடம் போகலாமே. அவர் வைத்தியர், அரசு காசு கொடுக்கும். நல்ல யோசனை. ரொறன்ரோவில் அவர்களுக்குப் பஞ்சமா? ஒன்ராறியோவின் மனநல வைத்தியர்களைப் பற்றி போல் குர்தியாக்கும் கூட்டாளிகளும் 2014இல், அதாவது வழிகாட்டி வந்த அதே வருடம், ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மத்திய ரொறன்ரோவில் ஒரு லட்சம் பேருக்கு 62.7 மனநல வைத்தியர். ஆகக் குறைந்த பகுதியில் 7.2. ஆகா, நாங்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று துள்ளுமுன் அடுத்த வரியையும் வாசிக்க வேண்டும். அந்த மத்திய ரொறன்ரோவில் முழுநேரம் தொழில் செய்யும் மனநல வைத்தியர்களில் பத்தில் ஒருவர் வருடம் முழுவதற்கும் பார்த்தது நாற்பது பேருக்கும் குறைவு. பத்தில் நால்வர் பார்த்தது நூறு பேருக்கும் குறைவு. பார்த்தவர்களையே திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். அப்படிப் பார்க்கப்படுகிறவர்கள் வசதியான அயல்களில் அதிகம். ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தவர்கள் அவர்களில் குறைவு. கிளினிக்கா, குடும்பக் கோயிலா? உபயகாரர் பரம்பரை மாறுவதில்லை. வெளியே நிற்பவர்களுக்குத் தீபாராதனை வெளிச்சம் தெரியும், பிரசாதம் வராது.

ஸ்காபரோ அப்போதைய சுகாதாரப் பங்கீட்டில் வேறு பிராந்தியம். ஒரே நகரம், ஒரே மேயர், ஒரே மழை. வைத்தியர் கணக்கில் மட்டும் நாங்கள் அயலூர். மத்திய நகரத்துக்குப் போய்ச் சேர எங்களுக்கென்று ஒரு சின்ன ரயில் ஓடியது. 2023 ஜூலை 24இல் அதன் கடைசிப் பெட்டி தண்டவாளத்தை விட்டிறங்கியது. மூடிவிட்டார்கள். இப்போது பஸ். பதகளிப்பு நோயாளியைக் கெனடி ஸ்டேஷன் மட்டும் பஸ்ஸில் நெருக்கி, சப்வேயில் நிலத்துக்குக் கீழே இறக்கி, மனநல ஆஸ்பத்திரி உள்ள குயின் தெருவில் கரையேற்றுவதையே பயத்தை எதிர்கொள்ளும் பயிற்சியாகக் கருதினால் அரசுக்கு ஒரு அமர்வு மிச்சம்.

எங்களுக்குக் கிடைத்தது தொலைபேசியில் ஒரு மதிப்பீடு. எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்றவர்கள் தாங்கள் தப்பியதாக நினைத்துக்கொள்வார்கள். மொழிபெயர்ப்பாளரின் இணைப்பு இரண்டாவது நிமிடத்தில் அறுந்தது. பக்கத்தில் ஐபாடோடு கிடந்த பதின்மூன்று வயதுப் பேரன் மொழிபெயர்ப்பாளன் ஆனான். கேள்வித்தாள் உலகப் புகழ்பெற்றது: ஜிஏடி-7. ஃபைசர் கம்பனியின் காசு உதவியோடு 2006இல் வந்தது. ஏழு கேள்வி. கடந்த இரண்டு கிழமையில் இன்னின்ன தொல்லை எத்தனை நாள் என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் மூன்று புள்ளி, மொத்தம் 21. ஐந்திலிருந்து லேசு, பத்திலிருந்து நடுத்தரம், பதினைந்திலிருந்து கடுமை.

அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறாரா என்று ஆங்கிலத்தில் கேட்டார் அந்தப் பெண். பேரன் சரியாகத்தான் மாற்றினான்: "அம்மம்மா, கனக்க யோசிக்கிறீங்களோ?"

எங்கள் ஊரில் யோசனை என்பது இரண்டு வேலை பார்க்கும் சொல். சிந்திப்பதும் அதுதான், கவலையில் வேகுவதும் அதுதான். வெளிநாட்டுப் பிள்ளையின் தொலைபேசி வராவிட்டால் யோசனை. காணி வழக்குத் தள்ளிப்போனால் யோசனை. "ஒண்டுக்கும் யோசிக்காதைங்கோ" என்று செத்தவீட்டில் தோளைத் தொட்டுச் சொல்கிறவர் யாரையும் மூளையை மூடிவைக்கச் சொல்வதில்லை.

"யோசிக்காம இருக்கேலுமே அப்பு? எந்தநேரமும் யோசினைதான்."

பேரன் தொலைபேசியில் சொன்னான்: எப்போதும் சிந்தித்துக்கொண்டிருக்கிறாராம். மறுமுனையில் மகிழ்ச்சி. அறிவு தெளிவாக இருக்கிறது என்று குறித்துக்கொண்டிருப்பார்.

அடுத்தது, பயங்கரமான ஏதோ நடந்துவிடும் என்ற பயம் எத்தனை நாள்? சின்னம்மா நியாயமாகக் கேட்டார்: "நடந்துவிடும் எண்டோ? நடந்துபோச்சுத்தானே?" 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து லட்சக்கணக்கான சனத்தோடு மழைக்குள் நடந்து நாவற்குழிப் பாலம் தாண்டியவர் அவர். நடந்ததற்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை. பேரன் பூச்சியம் என்றான். மிச்சக் கேள்விகளுக்கெல்லாம் எங்கள் சனத்தின் தேசிய விடையைச் சொன்னார்: "பரவாயில்லை, இருக்கிறன்."

மொத்தப் புள்ளி நான்கு. லேசு என்பதற்குக்கூட ஒன்று குறைவு. ஏழு தடவை அவசர சிகிச்சைப் பிரிவு, புள்ளி நான்கு. படிமுறைச் சிகிச்சை என்பார்கள்: நோய்க்கு ஏற்ற படி. நான்கு புள்ளிக்காரருக்கு வாசற்படி. தபாலில் ஒரு கையேடு வந்தது, தமிழில்! எங்களை மதித்திருக்கிறார்கள். முதற்பக்கத்தில், "உங்கள் எண்ணங்களுக்குச் சவால் விடுங்கள்." இரண்டாம் பக்கத்தில், "உங்கள் உணர்வுகளுடன் உட்காருங்கள்." சின்னம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். "ஆரோட இருக்கட்டாம் தம்பி?"

இனி எங்கள் குடும்ப வைத்தியர். அவரும் தமிழர், நல்ல மனிதர், களைத்த மனிதர். சுவரில் ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒரு அறிவித்தல்: ஒரு வருகைக்கு ஒரு பிரச்சினை. சின்னம்மாவிடம் முழங்கால் இருக்கிறது, சீனி இருக்கிறது, நெஞ்சு இருக்கிறது. மூன்றும் ஒரே உடம்பில் இருப்பது அவருடைய ஒழுங்கீனம். மாகாணத்தின் கட்டணப் பட்டியலில் உளவளப் பேச்சுக்கு வைத்தியர் காசு கேட்கலாம். ஆனால் குறைந்தது 20 நிமிடம் பேசியிருக்க வேண்டும். வெளியே கதிரை நிறைய ஆட்கள், காய்ச்சல் குழந்தைகள். 20 நிமிடத்தை எங்கே இருந்து வெட்டி எடுப்பார்? நாலு நிமிடத்தில் செர்ட்ரலின் எழுதினார். எழுதியது பிழையில்லை, முதல்நிலை. முதற்கிழமையில் பதகளிப்புச் சில பேருக்குக் கூடும், பலன் தெரிய ஆறெட்டுக் கிழமையாகலாம் என்று சொல்ல ஐந்தாவது நிமிடம் வேண்டியிருந்தது. அது இல்லை. ஐந்தாம் நாள் சின்னம்மா, "உந்தக் குளிசை போட்டாப்பிறகுதான் கூடிப்போச்சு" என்று போத்தலை மூடினார். இரண்டு கிழமையில் பார்க்க வேண்டும் என்கிறதல்லவா வழிகாட்டி? அடுத்த இடைவெளி ஏழு கிழமைக்குப் பிறகுதான் இருந்தது, அதுவும் முழங்காலுக்கு.

இடையில் கோயிலில் ஒரு சிநேகிதி தன் கைப்பையிலிருந்து அட்டிவான் ஒன்றை உடைத்து அரைத்துண்டு கொடுத்தார். அரைமணித்தியாலத்தில் சொர்க்கம். அடுத்த வருகையில் நோயாளியே மருந்தின் பெயரைச் சொன்னார், வைத்தியர் எழுதினார், நாலு நிமிடம் மூன்றாகச் சுருங்கியது. எல்லாருக்கும் நிம்மதி. மூன்று வருடமாகிறது. முதியவர்களுக்கு இந்த வகைக் குளிசையைத் தூக்கத்துக்குக்கூட முதல் தெரிவாகக் கொடுக்காதீர்கள், விழுந்து இடுப்பு முறியும் என்று சொல்லும் இயக்கத்தை 2014இல் தொடங்கியதும் எங்கள் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில்தான். 2014 இந்த ஊருக்கு எவ்வளவு ஞானம் பெருகிய வருடம் பாருங்கள்! அறுபத்தைந்து தாண்டியவர்களின் குளிசைக்கு அரசு காசு கொடுக்கிறது. ஈசிஜிக்கும் கொடுக்கிறது. இடுப்பு முறிந்தால் புது இடுப்புக்கும் கொடுக்கும். கதிரைக்கும் குழாய்க்கும் மட்டும்தான் கொடுக்காது.

நியாயமாகச் சொல்வதென்றால் ஒரு திட்டம் இருக்கிறது. ஒன்ராறியோ கட்டமைப்பு உளச்சிகிச்சைத் திட்டம், இலவசச் சீபீரீ, 2017இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கி 2020க்குப் பிறகு விரிந்தது. இங்கிலாந்தைப் பார்த்து எழுதிய காப்பி. இங்கிலாந்தில் ரிச்சர்ட் லேயர்ட் என்ற பொருளியலாளரும் டேவிட் கிளார்க் என்ற உளவியலாளரும் அரசிடம் ஒரு கணக்கைக் காட்டினார்கள்: பதகளிப்புக்காரரைக் குணமாக்காமல் விடுவதற்கு ஆகும் செலவு, குணமாக்கும் செலவைவிட அதிகம். அந்த அரசுக்குக் கூட்டல் தெரிந்திருந்தது. 2008இலிருந்து ஆயிரக்கணக்கில் புதிய சிகிச்சையாளர்களைப் பயிற்றினார்கள். ஒவ்வொரு அமர்விலும் நோயாளி தேறுகிறாரா என்று அளந்து, பாதிப்பேராவது தேற வேண்டும் என்று இலக்கு வைத்து, முடிவை ஊரறிய வெளியிட்டார்கள். வழிகாட்டியை நடைமுறைப்படுத்துவது என்றால் அதுதான்: ஆள், காசு, அளவுகோல். இங்கே அதே திட்டத்தைப் பிந்திப் பிறந்த பிள்ளை மாதிரிப் பெற்று, அதற்குள் தமிழில் கதிரை சுழற்றத் தெரிந்த ஒருவர் உங்களுக்குக் கிடைப்பாரா என்பதை உங்கள் சாதகத்துக்கு விட்டிருக்கிறார்கள். தெற்காசியருக்கென்று பண்பாட்டுக்கு ஏற்பச் சீபீரீயைத் திருத்தும் வேலையைக் குயின் தெருவில் இருக்கும் காம் மனநல ஆஸ்பத்திரிக்காரர்கள் செய்தார்கள்; செய்தவர்கள் அக்கறையோடுதான் செய்தார்கள். ஆனாலும் தெற்காசியர் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குச் சிரிப்பு. பட்டியாலாவிலிருந்து பருத்தித்துறை வரை ஒரே பொட்டலம்.

காம் என்றதும் ஞாபகம் வருகிறது. 1850இல் அதே நிலத்தில் மாகாண மனநோயாளர் விடுதி திறந்தார்கள். சுற்றிவர உயர்ந்த செங்கல் மதில். அந்த மதிலைக் கட்டியவர்கள் உள்ளே இருந்த நோயாளிகள், கூலியில்லாமல். மதிலின் பகுதிகள் இன்னும் நிற்கின்றன, நினைவுச் சின்னமாக. உள்ளே போனவர்கள் வெளியே வராதிருக்க அன்று மதில் தேவைப்பட்டது. இன்றைக்கு வெளியே நிற்பவர்கள் உள்ளே வராதிருக்க ஒரு படிவம் போதும். கூலியில்லாமல் நாங்களே நிரப்பிக் கொடுக்கிறோம்.

பேசுங்கள், பேசுங்கள் என்று மட்டும் ஊர் முழுக்கக் கத்தல். பெல் தொலைபேசிக் கம்பனி 2011 முதல் வருடத்துக்கு ஒருநாள், மனநலத்தைப் பற்றிப் பேசுவோம் என்று விழா எடுத்தது. ஒரு குறுஞ்செய்திக்கு ஐந்து சதம் தருமம் என்று பல வருடம் செய்தது. நாங்களும் விரல் தேய அனுப்பினோம். 2024 ஜனவரி 24இல் அந்த வருடத்து விழா. இரண்டு கிழமை கழித்து, பெப்ரவரி 8இல், அதே கம்பனி 4,800 பேரின் வேலையை வெட்டுவதாக அறிவித்தது. பேசுவதற்கு விஷயம் கொடுத்தார்கள். 2020இல் ஒன்ராறியோ சுகாதார நிறுவனம் தன் பங்குக்குப் பதகளிப்பு நோய்களுக்குத் தர நியமம் என்று இன்னொரு புத்தகம் போட்டது: அடையாளம் காணுங்கள், சீபீரீ கொடுங்கள், குளிசை தொடங்கியவரைக் கைவிடாதீர்கள், அவரவர் மொழியையும் பண்பாட்டையும் கவனியுங்கள். நடைமுறைக்கு வராத வழிகாட்டிக்கு மருந்து, அதே விஷயத்தில் இன்னொரு வழிகாட்டி. கனடியப் புள்ளிவிபரத் திணைக்களமும் சும்மா இருக்கவில்லை. பொதுவான பதகளிப்பு நோய் 2012இல் நூற்றுக்கு 2.6 பேரிடம், 2022இல் 5.2 பேரிடம். பத்து வருடத்தில் சரியாக இரட்டிப்பு. இந்த வளர்ச்சி வீட்டு விலையில் மட்டும்தான் வரும் என்று நினைத்திருந்தோம்.

மருத்துவ ஆராய்ச்சி நோயாளியைப் போய்ச் சேரச் சராசரி 17 வருடம் எடுக்கிறது என்று 2000ஆம் ஆண்டில் பலாஸ், போரன் என்ற இருவர் கணக்கிட்டார்கள். 2014உடன் 17ஐக் கூட்டினால் 2031. சின்னம்மாவை அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கச் சொல்லலாம். பங்கருக்குள் பழக்கப்பட்டவர்.

வெள்ளைக்காரனைத் திட்டி முடித்தால் எனக்குத் தூக்கம் நன்றாக வரும். ஆனால் எங்கள் பக்கமும் திரும்ப வேண்டியிருக்கிறது. ரொறன்ரோத் தமிழர் 1,603 பேரிடம் ஆய்வாளர்கள் கேட்டு, இருபது வருடத்துக்கு முன்பே முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்குப் பன்னிரண்டு பேரிடம் மனவடு நோய். அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சையின் பக்கமே போகவில்லை. அது 2009க்கு, முள்ளிவாய்க்காலுக்கு முந்திய கணக்கு. அதற்குப் பிறகு நாங்கள் என்ன செய்தோம்? பூச்சாடிகளோடு மண்டபங்கள் எடுத்தோம், ஹெலியிலிருந்து பூத்தூவிச் சாமத்தியச் சடங்கு செய்தோம், எங்கள் வானொலிகளில் வீட்டு முகவர்களும் ஈட்டுக்கடன்காரர்களும் மாறிமாறிப் பேசினார்கள். தமிழில் சீபீரீ செய்யப் பத்துப் பிள்ளைகளைப் படிப்பித்து எடுப்போம் என்று ஒரு ஊர்ச்சங்க ஒன்றுகூடலிலாவது தீர்மானம் போட்டு நான் கேட்டதில்லை. பிள்ளைக்குப் பதகளிப்பு என்றால், "உனக்கென்ன குறை? நாங்கள் செல்லடிக்குள்ள படிச்சனாங்கள்" என்கிறோம். சம்பந்தம் பேசும் வீட்டில் குளிசைப் போத்தல் அலுமாரிக்குள் ஒளிகிறது.

யாழ்ப்பாணத்தில் யுத்தத்துக்கு நடுவில், விரல்விட்டு எண்ணக்கூடிய மனநல வைத்தியர்களில் ஒருவரான தயா சோமசுந்தரமும் அவரோடு நின்றவர்களும் என்ன செய்தார்கள்? பள்ளிக்கூட ஆசிரியர்களைப் பிடித்துப் பயிற்றினார்கள். கிராமத்து ஆட்களைப் பயிற்றினார்கள். சாந்திகம் என்ற உளவளத்துணை நிலையம் 1987இல் அந்த ஊரில்தான் தொடங்கியது. மூச்சுப் பயிற்சி, ஜெபமணி என்று சனத்திடம் ஏற்கெனவே இருந்ததையும் தூக்கி எறியாமல் சேர்த்துக்கொண்டார்கள். மின்சாரம் இல்லை, மருந்துக்குத் தடை. ஆனாலும் நோயாளி "யோசினை" என்று சொன்னால் எதிரே இருந்தவருக்கு விளங்கியது. மத்தியில் லட்சத்துக்கு 62.7 மனநல வைத்தியர் இருந்த நகரத்தில் இருந்துகொண்டு அதை நினைத்துப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. இன்னொரு தகவல்: அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013இல் மனவடு நோயைப் பதகளிப்பு நோய்களின் அறையிலிருந்து கிளப்பித் தனியறைக்கு மாற்றியது. இடமாற்றக் கடிதம் சின்னம்மாவின் நெஞ்சுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

எட்டாவது தடவை போன மே மாதம். விக்டோரியா தினம். மே 25க்கு முந்திய திங்களில் வரும் அந்த விடுமுறைக்கு நகரமெங்கும் வாணவேடிக்கை விடுவார்கள். 2009இல் அந்தத் திங்கள், முள்ளிவாய்க்கால் முடிந்த மே 18ஆக அமைந்தது. யாருக்கும் அதில் குற்றமில்லை, நாட்காட்டி அப்படி. இந்தமுறை பக்கத்துப் பூங்காவில் பொடியள் இருட்டுமுன்னமே தொடங்கிவிட்டார்கள். மகள் வேலைக்குப் போய்விட்டாள். சின்னம்மா குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டி, தொட்டிக்குள் குந்தியிருந்து, அரைக் குளிசை போட்டு, அது கேளாமல் மற்ற அரையும் போட்டு, நெஞ்சு அடைக்கிறது என்று 911க்குத் தானே அடித்தார். அம்புலன்ஸ் வந்தது. எட்டாவது ஈசிஜி. அருமையான இதயம்.

ஒன்ராறியோவில் அம்புலன்ஸில் போனால் உங்கள் பங்கு 45 டொலர். ஆனால் அந்தப் பயணம் மருத்துவ ரீதியாகத் தேவையற்றது என்று வைத்தியர் கருதினால் 240. ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. 240. உளவியலாளரோடு ஒரு மணித்தியாலம் கதைக்கும் காசு.

சின்னம்மா அதைக் குளிர்சாதனப் பெட்டியில் பிள்ளையார் காந்தத்தால் ஒட்டிவைத்திருந்தார். நான் போனபோது எடுத்து நீட்டினார்.

"தம்பி, இந்தக் காசைக் கட்டினா எனக்கு என்ன வருத்தமெண்டு அவையள் சொல்லுவினமோ?"